வெறுங்கழுத்து

இளம்பரிதி எந்தப் பொருளையும் சட்டென்று புகழ்ந்துவிட மாட்டான். கோயமுத்தூர் சரவணம்பட்டியில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் அவனுக்கு வேலை. மாலையில் வீட்டுக்கு வந்ததும் பின்னறையில் மைக்கை இழுத்து வைத்துக்கொண்டு அன்றைக்குத் தோன்றியதைப் பேசி, 'பரிதி பேச்சு' என்ற தன் சேனலில் போட்டுவிடுவான். போனுக்குப் பின்னால் கேமராக்கள் கூடிக்கொண்டே போவது யாருக்காக? விலை கொடுத்து வாங்கிய கேமுக்குள்ளேயே மறுபடியும் ஒரு கடை விரித்திருப்பது என்ன நியாயம்? சனிக்கிழமை வரச்சொல்லும் மேனேஜரிடம் எப்படி மறுப்பது? நன்றாக ஓடிய பேக்கரி இரண்டாவது கிளை திறந்ததும் ஏன் தள்ளாடுகிறது? எல்லாவற்றிலும் அவனுக்கு ஓர் அபிப்பிராயம் இருந்தது. அதைக் கேட்க ஒரு கூட்டமும் இருந்தது.

கூட்டம் சேர்ந்ததற்குக் காரணம் எளிமையானது. அவன் இலவசமாக எதையும் வாங்கிக்கொள்வதில்லை. ஒரு பொருளை நெடுநாள் பயன்படுத்திப் பார்க்காமல் வாய் திறப்பதில்லை. பெரும்பாலும் "வாங்காதீங்க" என்றுதான் முடிப்பான். எப்போதாவது "வாங்குங்க" என்று சொன்னால் கடைக்காரர்களே அந்தப் பொருளைக் கூடுதலாகத் தருவித்து வைப்பார்கள்.

அவன் பேச்சை முதலில் கேட்பவள் மனைவி அருள்விழி. இரண்டாவதாகக் கேட்பவர் அவளுடைய அண்ணன் நந்தகோபால். கணபதியில் ஒரு பம்புசெட் கம்பெனியில் லேத் பிரிவுக்கு மேற்பார்வையாளர். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் அவரவர் வீட்டிலிருந்தே காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு இரண்டு பேரும் மலைப்பாதையில் லாரி ஓட்டும் கேம் ஆடுவார்கள். ஒருவர் பின்னால் ஒருவராக லோடு ஏற்றிக்கொண்டு போய், ஊர்க்கதை பேசியபடியே மலையைக் கடப்பார்கள். இளம்பரிதிக்கு அதைவிட நல்ல நேரம் வாரத்தில் வேறு இல்லை.

'இலகு' அவன் கைக்கு வந்தது அந்த நாட்களில்தான். பிடரியில் ஒட்டிக்கொள்ளும் மெல்லிய பட்டை. தோலின் நிறத்திலேயே இருந்ததால் சட்டைக் காலருக்குள் போட்டால் வெளியே தெரியாது. அதை வடிவமைத்த குழுவில் இருந்த ரெபெக்கா என்ற பெண் அவனைப் பார்க்க நேரில் வந்திருந்தாள். அவிநாசி ரோட்டில் ஒரு காபிக் கடையில் உட்கார்ந்து பேசினார்கள்.

"களைப்புன்னா என்ன சார்?" என்று அவள் ஆரம்பித்தாள்.

"காலு வலிக்கும். எங்கியாச்சும் உக்காந்தா தேவலைன்னு இருக்கும்."

"அப்படி இருக்கும்போது உங்க உடம்புல இன்னும் நிறைய தெம்பு மிச்சம் இருக்கும். மூளை முன்ஜாக்கிரதையா மணி அடிச்சுடுது. பைக்ல பெட்ரோல் தீர்றதுக்கு ரொம்ப முன்னாடியே விளக்கு எரியுதே, அந்த மாதிரி. நாங்க பிடரியில ஒரு நரம்புல சின்னதா மின்துடிப்பு குடுத்து அந்த விளக்கை அணைக்கிறோம். அவ்வளவுதான்."

"வெளக்கை அணைச்சா பெட்ரோல் கூடிடுங்களா?"

ரெபெக்கா சிரித்தாள். "கூடாது. அதனாலதான் உள்ளேயே ஒரு காவல் வெச்சிருக்கோம். இதயத் துடிப்பு, மூச்சு, எல்லாத்தையும் அது பார்த்துட்டே இருக்கும். எல்லை தாண்டினா பட்டை தானா நின்னுடும். களைப்பு பழையபடி வந்துடும்."

"அந்த எல்லையை யாரு மாத்தலாம்?"

"யாராலயும் முடியாது சார்."

அன்றைக்கு அது உண்மையாகத்தான் இருந்தது.

பட்டைக்கு உரிய விலையைக் கொடுத்து வாங்கிவந்து இளம்பரிதி பயன்படுத்திப் பார்த்தான். முதல் சில நாட்களிலேயே தான் இத்தனை வருடமாக எவ்வளவு களைத்திருந்தோம் என்பது அவனுக்குப் புரிந்தது. அலுவலகம் விட்டு வந்து, காய்கறி வாங்கி, பாத்திரம் துலக்கி, பேசிப் பதிவு செய்து, அதற்குப் பிறகும் முகம் கழுவிய காலைபோல இருந்தது. நீண்டநாள் கழித்து அருள்விழியோடு வாலாங்குளத்தைச் சுற்றி நடந்தான். பட்டையைக் கழற்றியதும் அசதி மொத்தமாக வந்து இறங்கியது. ஆனால் ஒரு நல்ல தூக்கத்தில் சரியாகிவிட்டது. அதையெல்லாம் குறித்துக்கொண்டு சேனலில் பேசினான்.

"வாங்குங்க" என்று சொன்னான். பிறகு இன்னொன்றும் சொன்னான். "ஒரே ஒரு விஷயம். இந்தப் பட்டையோட சுவிட்ச் உங்க கையில இருக்கிற வரைக்கும்தான் இது நல்ல பொருள். உங்க முதலாளி வாங்கிக் குடுத்தா போட்டுக்காதீங்க."

முதல் வார்த்தையை வெட்டியெடுத்து ஆயிரக்கணக்கானவர்கள் பகிர்ந்தார்கள். இரண்டாவதாகச் சொன்னதைக் கேட்க யாருக்கும் பொறுமை இல்லை.

நந்தகோபால் அந்த வாரமே வாங்கிவிட்டார். "நீ சொல்லீட்டீன்னா அப்பறம் என்ன மாப்ள யோசன?" என்றார் ஹெட்செட்டில். சில நாள் கழித்து அவர் மனைவி ரேணுகாவும் ஹெட்செட்டை வாங்கி, "அண்ணா, இப்பெல்லாம் வேலைலருந்து வந்து புள்ளைங்களுக்குப் பாடம் சொல்லித் தர்றாருங்க. முந்தியெல்லாம் சோத்துல கை வெச்சபடியே தூங்கீருவாரு" என்று சந்தோஷப்பட்டாள்.

மாற்றம் மெதுவாக வந்தது. பம்புசெட் கம்பெனி தன் ஆட்கள் எல்லோருக்கும் தீபாவளிப் பரிசாக இலகு கொடுத்தது. நந்தகோபாலைப் போலச் சொந்தமாக வாங்கியிருந்தவர்களின் பட்டையையும் கம்பெனிக் கணக்கில் சேர்த்துக்கொண்டது. லேத் ஆட்கள் கேட்காததால் மூன்று மணி டீ நின்றது. உட்காருவார் இல்லாததால் வேப்பமரத்தடி பெஞ்சுகளை எடுத்துவிட்டு அங்கே இரும்புக் கம்பிகளை அடுக்கினார்கள். பட்டை போட மறுத்தவர்களுக்கு 'வெறுங்கழுத்து' என்று பெயர் விழுந்தது. வெறுங்கழுத்து ஆட்களைப் பட்டை போட்டவர்களோடு ஒரே ஷிப்டில் போட முடியாது என்றார்கள். தனி ஷிப்டு என்றார்கள். பிறகு அந்த ஷிப்டே இல்லாமல் போனது. திருப்பூர் பனியன் கம்பெனிகளிலும் நாமக்கல் லாரி ஆபீஸ்களிலும் இதே கதை வேறு வேறு வேகத்தில் நடந்தது.

இளம்பரிதி இதைப் பற்றி விடாமல் பேசினான். "அப்ப வாங்கச் சொன்னது யாரு?" என்று கீழே எழுதினார்கள். வேறொருவர், "இவருக்கு ஏசி ரூம்ல வேலை. களைப்பைப் பத்தி இவருக்கு என்ன தெரியும்?" என்று எழுதியிருந்தார். அதற்குத்தான் நிறைய பேர் கைதட்டியிருந்தார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் நேராக நந்தகோபால் வீட்டுக்கே போனான். மச்சானின் முகம் பிரகாசமாகத்தான் இருந்தது. ஆனால் சட்டை தோளில் தொங்கியது. மணிக்கட்டு எலும்பு துருத்திக்கொண்டிருந்தது.

"மச்சான், இன்னிக்கு ஒரு நாள் அதைக் கழட்டி வையுங்க. நான் கூடவே இருக்கறேன்."

"கழட்டிப் பாத்தேன் மாப்ள, போன வாரம்." நந்தகோபால் குரலைத் தாழ்த்தினார். "கட்டல்ல படுத்தவன் தண்ணிச் சொம்பை எடுக்கக் கையத் தூக்க முடியில. எல்லாம் ஒண்ணாச் சேந்து வருது. ரேணுகாதான் மறுபடி மாட்டிவுட்டா. அதுக்கப்பறம்தான் எந்திரிச்சேன்."

"அது தானா நின்னிருக்கோணுமே. உள்ள ஒரு எல்லை இருக்குதுல்ல?"

"முந்தி அப்பப்ப நிக்கும். நானும் ஓரமா உக்காந்துக்குவேன். இப்ப நிக்கறதில்ல. ஏதோ அப்டேட்டு வந்துச்சாமா. போன்ல இருந்த சுவிட்சையும் காணோம். ஆபீஸ்ல டேப்லெட்டுல இருக்குதுன்னாங்க."

இளம்பரிதி அன்றே ரெபெக்காவுக்குப் போன் செய்தான். அவள், "அது தொழிற்சாலைகளுக்குன்னு தனியா போட்ட பதிப்பு சார்" என்றாள். "எல்லை எவ்வளவுன்னு வாங்கற கம்பெனியே வெச்சுக்கலாம். நான் வேணாம்னு சொன்னேன். கூட்டத்துல எல்லார் முன்னாடியும் சொன்னேன்."

"யாராலயும் முடியாதுன்னு எங்கிட்ட சொன்னீங்களே."

"உங்ககிட்ட சொன்னப்ப முடியாது சார். அப்புறம் முடியற மாதிரி பண்ணாங்க."

"இப்ப அவரு கழட்டோணும்னா என்ன பண்றது?"

"சட்டுனு கழட்டக் கூடாது. ஆஸ்பத்திரியில சேர்த்து, கொஞ்சம் கொஞ்சமா குறைக்கணும். ரொம்ப நாள் படுக்கையில இருக்க வேண்டி வரும்."

நந்தகோபாலிடம் அவன் இதைச் சொன்னான். அவர் மறுக்கவில்லை. பெரிய மகளின் பரீட்சை முடியட்டும், மே மாதம் லீவு போடுகிறேன் என்றார். லீவு கேட்டால் கம்பெனி கொடுக்குமா என்று ரேணுகா கேட்டதற்கு, "கேட்டுப் பாப்போம்" என்றார். இளம்பரிதியும் அதற்கு மேல் அழுத்தவில்லை. மச்சான் சிரித்த முகமாக இருந்தார். அப்படி இருப்பவரை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போக யாருக்கும் கை வருவதில்லை.

பரீட்சைக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வழக்கம்போல இருவரும் கேமில் உட்கார்ந்தார்கள். நந்தகோபாலின் லாரி முன்னால் போனது. மழை பெய்துகொண்டிருக்கும் மலைப்பாதை. வயலுக்கு மோட்டார் வாங்க வந்த ஒரு கிழவர் கம்பெனியில் செய்த ரகளையை நந்தகோபால் சொல்லிக்கொண்டே வந்தார். கிழவர் மாதிரியே குரலை மாற்றிப் பேசிக் காட்டினார். இளம்பரிதி சிரித்தான். கதை பாதியில் நின்றது.

கொண்டை ஊசி வளைவு வந்தது. முன்னால் போன லாரி திரும்பவில்லை. நேராகப் போய்ச் சுவரில் முட்டி நின்றது. சக்கரங்கள் மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தன.

"என்ன மச்சான், லைசென்ஸை எங்க வாங்குனீங்க?" என்றான் இளம்பரிதி.

பதில் இல்லை. பின்னால் வந்த வண்டிகள் ஹாரன் அடித்தன. நந்தகோபாலின் விரல் இன்னும் ஆக்ஸிலரேட்டர் பொத்தானில் இருந்திருக்க வேண்டும். என்ஜின் அலறிக்கொண்டிருந்தது.

"மச்சான், ரிவர்ஸ் எடுங்க. மச்சான்."

ஹெட்செட்டில் தூரத்தில் குக்கர் விசில் சத்தம் கேட்டது. பிறகு செருப்புச் சத்தம். "என்னங்க, காபி வெக்கட்டுங்களா?" என்று ரேணுகாவின் குரல் நெருங்கி வந்தது. அதற்குப் பிறகு கேட்டதை இளம்பரிதி யாரிடமும் சொன்னதில்லை.

ஆஸ்பத்திரியில் ஒரு வயதான டாக்டர் அவனைத் தனியாக அழைத்துப் பேசினார். "இதயம் பல வாரமாவே கெட்டுட்டு வந்திருக்குது. இந்த நிலைமையில இருக்கறவன் எந்திரிச்சுப் பல்லு வெளக்கவே யோசிப்பான். வீட்டுல யாராவது பாத்து இங்க கூட்டிட்டு வந்திருப்பாங்க, நாங்களும் காப்பாத்தியிருப்போம். இவரு முந்தாநேத்து வரைக்கும் வேலைக்குப் போயிருக்காரு."

"வலி தெரிஞ்சிருக்குமாங்க டாக்டர்?"

"தெரிஞ்சிருந்தா பொழச்சிருப்பாரு."

அதற்குப் பிறகு எல்லாக் காரியத்தையும் இளம்பரிதிதான் ஓடியாடிச் செய்தான். ஆம்புலன்ஸ், மின்மயானம், பந்தல், வெளியூரிலிருந்து வந்தவர்களுக்குச் சாப்பாடு, சான்றிதழுக்கு மாநகராட்சி அலுவலகம் என்று அலைந்தான். கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. மாப்பிள்ளை மட்டும் இல்லாவிட்டால் இந்தக் குடும்பம் என்ன ஆகியிருக்கும் என்று உறவினர்கள் பேசிக்கொண்டார்கள். அருள்விழி அழுது அழுது, பிறகு அழவும் சக்தியில்லாமல் அண்ணன் வீட்டுச் சுவரில் சாய்ந்து கிடந்தாள். ஒரு தடவை மட்டும் அவனைப் பார்த்து, "நீங்க போட்டுப் பாத்துட்டு அப்பவே கழட்டி வெச்சுட்டீங்க. எங்கண்ணனால கழட்ட முடியில" என்றாள். குரலில் கோபம் இல்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அவன் பின்னறைக்குப் போய்ப் பேசினான். நந்தகோபாலின் பெயரைச் சொன்னான். கேமில் நடந்ததைச் சொன்னான். டாக்டர் சொன்னதைச் சொன்னான். "நான்தான் வாங்கச் சொன்னேன். இப்ப நானே சொல்றேன். ஆஸ்பத்திரிக்குப் போய்க் கழட்டுங்க. வேலை போனாலும் போகட்டும், கழட்டுங்க." குரல் பிசிறாமல் சீராக வந்தது. இதுவரை பேசியதிலேயே தெளிவான பேச்சு என்று பலர் எழுதினார்கள்.

அந்தப் பேச்சு நாடெங்கும் போனது. சிலர் கழற்றினார்கள். பல்லடத்திலிருந்து ஒருவர் அனுப்பிய குரல் பதிவில், தான் கழற்றிவிட்டுப் படுத்திருப்பதாகவும், அதற்குள்ளேயே தன் தறியில் வேறு ஆள் நிற்பதாகவும் சொன்னார். "நீங்க சொன்னது செரிதாங்க. ஆனா அடுத்து என்ன பண்றதுன்னு நீங்க சொல்லலீங்களே" என்று முடித்திருந்தார். ரெபெக்கா வேலையை விட்டுவிட்டதாகத் தகவல் வந்தது. இலகு கம்பெனி அவன்மேல் வழக்குப் போடவில்லை. இதயத்துக்குக் கூடுதல் பாதுகாப்போடு புதிய பதிப்பு ஒன்றைக் கொண்டுவந்தது. அதைப் பரிசோதித்து நேர்மையாகக் கருத்துச் சொல்லும்படி அவனுக்கே பணிவாக எழுதியது.

சில வாரம் கழித்து ஒரு காலையில் ரேணுகா இளம்பரிதியின் வீட்டுக்கு வந்தாள். பிள்ளைகளும் கூட வந்திருந்தார்கள். அவர்களை டிவி முன்னால் உட்காரவைத்துவிட்டுப் பின்னறை வாசலில் வந்து நின்றாள். ஆட்டோவிலிருந்து இறங்கி வந்ததற்கே மூச்சு வாங்கினாள். தலை சரியாக வாரியிருக்கவில்லை.

"அண்ணா, கம்பெனில வேலை தர்றாங்க. பேக்கிங்ல. அவரு செத்ததுக்காக" என்றாள்.

"போம்மா. நல்லதுதான்."

"பட்டை போட்டுட்டு வரோணுமாமா." கைப்பையைத் திறந்து ஒரு கைக்குட்டை மடிப்பை எடுத்தாள். உள்ளே நந்தகோபாலின் இலகு இருந்தது. "புதுசு தர்றேன்னாங்க. நான்தான் அவரோடதே போதும்னுட்டேன். இதை என்ற கழுத்துக்கு மாத்திக் குடுங்க அண்ணா."

இளம்பரிதி அதைத் தொடவில்லை. "இதையா? இது என்ன பண்ணுச்சுன்னு உனக்குத் தெரியாதா ரேணுகா?"

"தெரியுமுங்க."

"வேற எடத்துல வேலை பாக்கலாம். நான் விசாரிக்கறேன்."

"நானும் விசாரிச்சுட்டனுங்க. ஜவுளிக்கடை, ஸ்கூலு, ஆஸ்பத்திரில கூட்டற வேலை. எல்லாப் பக்கமும் கழுத்தைத்தான் முதல்ல பாக்கறாங்க." அவள் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டாள். "இல்லாட்டியும் என்னால முடியிலீங்க அண்ணா. காலைல எந்திரிச்சு அடுப்பைப் பத்த வெக்க முடியில. சின்னவளுக்கு ஜடை போட்டுவுடக் கை வரமாட்டேங்குது. சொமக்க முடியாத எதையோ தலைல தூக்கி வெச்ச மாதிரியே இருக்குது. நீங்க பண்ணிக் குடுத்தீங்கன்னா எனக்குப் பயம் இருக்காது. எல்லையைக் கொஞ்சம் கீழ வெக்க முடியுமான்னு மட்டும் பாருங்க."

அந்த எல்லை இப்போது கம்பெனியின் கையில் இருக்கிறது என்பதை அவன் சொன்னான். அவள் தலையாட்டினாள். அவளுக்கு அதுவும் தெரிந்திருந்தது.

அருள்விழி கதவோரமாக வந்து நின்றிருந்தாள். அவள் தடுப்பாள் என்று இளம்பரிதி எதிர்பார்த்தான். அவள் தடுக்கவில்லை. அண்ணியை நாற்காலியில் உட்காரவைத்து, கூந்தலை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

பழைய பதிவுகளை அழித்து, பட்டையைப் புதிதாகப் பொருத்தச் சில நிமிடங்கள்தான் ஆயிற்று. மெல்லிய துடிப்பு ஒன்று ஓடுவதை அவன் விரல் உணர்ந்தது. ரேணுகா கண்ணை மூடியிருந்தாள். மூச்சு சீரானது. நெற்றிச் சுருக்கம் ஒவ்வொன்றாக விலகியது. கண்ணைத் திறந்தபோது அவள் முகத்தில் ஆச்சரியம் இருந்தது.

"அவரு போனதுகூட வேற யாரு வீட்டுலயோ நடந்த மாதிரி இருக்குதுங்க" என்றாள்.

எழுந்து நின்றாள். சேலைத் தலைப்பை உதறிச் செருகிக்கொண்டாள். கூடத்துக்குப் போய், "ரெண்டு பேரும் வாங்க, ஜடை போட்டுவுடறேன்" என்று பிள்ளைகளைக் கூப்பிடும் குரல் கேட்டது. பெரியவள் ஏதோ சொல்ல, ரேணுகா சிரித்தாள்.

பின்னறையில் கணவனும் மனைவியும் மட்டும் நின்றார்கள். அருள்விழி அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். அவள் கண்கள் வீங்கியிருந்தன. உதடு வெடித்திருந்தது.

"உங்களோடதைக் கொஞ்ச நேரம் எனக்குக் குடுங்க" என்றாள்.

இளம்பரிதி அவளைப் பார்த்தான். "எதை?"

"ஆஸ்பத்திரில டாக்டரு பேசிட்டுப் போனப்பறம் கார்ல கெடந்ததை எடுத்து மாட்டுனீங்களே. அன்னிக்கிருந்து கழட்டவே இல்லியே. நான் பாத்துட்டுத்தான் இருக்கறேன்." அவள் கையை நீட்டி அவன் சட்டையின் மேல் பொத்தானை விடுவித்தாள். "கழட்டுங்கன்னு ஊருக்கெல்லாம் பேசுனீங்களே, அப்பக்கூடப் போட்டுட்டுத்தான் பேசுனீங்க. நான் ஒண்ணும் சொல்லலீங்க. உங்களால முடியிலன்னு தெரியும். எனக்கும் முடியில."

அவன் பிடரிக்குப் பின்னால் கையைக் கொண்டுபோய்ப் பட்டையை மெதுவாக உரித்தெடுத்தான். ஒட்டியிருந்த இடத்தில் தோல் வெளுத்து ஈரமாக இருந்தது. அருள்விழி கூந்தலைத் தூக்கிக் கழுத்தைக் காட்டினாள். அவளுக்கு மாட்டிவிட்டு, துடிப்பு ஓடுகிறதா என்று விரலால் பார்த்தான். ஓடியது.

கையை எடுக்கும்போதே முழங்கால் மடங்கியது. மேசையைப் பிடிக்கப் பார்த்தான், பிடிக்க முடியவில்லை. தரையில் உட்கார்ந்தான். பிறகு உட்காரவும் முடியாமல் பக்கவாட்டில் சாய்ந்தான். ஆம்புலன்ஸும் மயானமும் மாநகராட்சி அலுவலகப் படிகளும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தன. எல்லாவற்றுக்கும் அடியில் ஹெட்செட்டில் ரேணுகா அலறிய அலறல் இருந்தது. நந்தகோபால் செத்துப்போனார் என்ற செய்தி அவனுக்கு அப்போதுதான் வந்து சேர்ந்தது. குழந்தை மாதிரி வாய்விட்டு அழ ஆரம்பித்தான்.

அருள்விழி குனிந்து அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அவன்மேல் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பாவம் எட்டத்தில், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தது. தலையணை ஒன்றைக் கொண்டுவந்து அவன் தலைக்கு அடியில் வைத்தாள். கூடத்தில் பிள்ளைகளுக்குக் கேட்டுவிடக் கூடாதென்று அறைக் கதவைச் சாத்தினாள். பிறகு சமையலறைக்குப் போய், எல்லோருக்குமாக உலை வைத்தாள்.